இறக்கைக்கு எந்த அலுமினியக் குழாய்? வீட்டில் விமானம் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன விமானம் ஒன்றைத் தாமே கட்டத் தொடங்குபவர்கள் இறக்கை வேலைக்கு வந்ததும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். ஸ்பார் என்பது இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு. விமானத்தின் மொத்த எடையையும் காற்றில் தாங்கி நிற்பது அதுதான். இந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரமே கூடாது.

ஸ்பாருக்குக் குழாயைப் பயன்படுத்துவது சரியான வழியா, அல்லது மலிவான குறுக்குவழியா?

சரியான வழிதான். ஜிம் பீட் வடிவமைத்த பிடி-1, அதிலிருந்து வந்த அமெரிக்கன் ஏவியேஷன் ஏஏ-1 யாங்கி ஆகிய விமானங்களில் ஸ்பார் ஒரு பெரிய அலுமினியக் குழாய். யாங்கியில் அந்தக் குழாய்க்குள்ளேயே எரிபொருளையும் வைத்தார்கள். அவருடைய பிடி-4, பிடி-5 இரண்டிலும் குழாய் ஸ்பார்தான். துணி போர்த்திய இலகு விமானங்களில் ஏவிட் ஃப்ளையர், கிட்ஃபாக்ஸ், குயிக்சில்வர் போன்றவை முன்னும் பின்னும் இரண்டு குழாய்களை வைத்துப் பறக்கின்றன.

ஆனால் வளைவைத் தாங்குவதில் வட்டக் குழாய் சிக்கனமான வடிவம் அல்ல. இறக்கை மேல்நோக்கி வளையும்போது குழாயின் மேல்புறமும் கீழ்ப்புறமும்தான் உழைக்கின்றன. இரு பக்கங்களிலும் இருக்கும் உலோகம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதே உயரமுள்ள ஐ வடிவ ஸ்பார் இதைவிடக் குறைந்த எடையில் அதே வேலையைச் செய்யும். குழாயின் பலம் வேறு இடங்களில் இருக்கிறது: முறுக்கைத் தாங்கும், எந்தப் பக்கம் வளைந்தாலும் ஒரே வலிமை, கட்டுவதற்கு நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள் வேண்டாம். தனியாக வேலை செய்பவருக்குக் கடைசியாகச் சொன்னது பெரிய விஷயம்.

6061, 2024, 7075 என்கிறார்களே, எதை எடுப்பது?

இவை அலுமினியக் கலவைகளின் எண்கள்; பின்னால் வரும் டி6, டி3 போன்றவை பதப்படுத்திய நிலையைச் சொல்பவை. பெரும்பாலானவர்களுக்கு 6061-டி6. இழுத்துச் செய்த குழாயில் இதன் ஈல்ட் வலிமைக்குத் தரநிலை சொல்லும் குறைந்தபட்சம் 241 மெகாபாஸ்கல். அதைத் தாண்டி வளைத்தால் குழாய் பழைய நிலைக்குத் திரும்பாது. அறுபடும் வலிமை 290. துருவை நன்றாகத் தாங்கும், எளிதாகக் கிடைக்கும், துளையிடும்போது தொல்லை தராது.

2024-டி3 குழாயில் அதே எண்கள் 290, 441. உலோகச் சோர்வையும் கூடுதலாகத் தாங்கும். 50 கோடி சுழற்சிகளுக்கான சோர்வு வலிமை 6061-டி6-க்குச் சுமார் 97 மெகாபாஸ்கல், 2024-டி3-க்குச் சுமார் 138. ஆனால் 2024-இல் செம்பு அதிகம் கலந்திருப்பதால் பூச்சு இல்லாமல் விட்டால் சீக்கிரம் அரிக்கும். தகடுகளில் மேலே தூய அலுமினியப் படலம் ஒட்டி வரும்; குழாய்களில் பொதுவாக அது இருக்காது. உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் நாம்தான் காக்க வேண்டும்.

7075-டி6-இன் ஈல்ட் 500 மெகாபாஸ்கலைத் தொடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்னக் கீறலிலிருந்தும் விரிசல் ஓடும் குணம் இதற்கு உண்டு. இறுக்கமான பொருத்தலில் சிக்கிய நிலையில் ஈரமும் சேர்ந்தால், சுமையே ஏறாமல்கூட டி6 நிலையில் விரிசல் விடலாம். கணக்கும் சோதனையும் செய்து இதைக் கேட்டிருக்கும் வரைபடம் கையில் இருந்தால் ஒழிய, வீட்டுப் பட்டறைக்கு இது வேண்டாம் என்பேன்.

6063 என்பது ஜன்னல் சட்டங்களுக்கான கலவை. டி5 நிலையில் ஈல்ட் சுமார் 145 தான். பார்வைக்குப் பளபளவென்று 6061-ஐவிட அழகாகவே இருக்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

வலிமை கூடிய கலவையை எடுத்தால் மெல்லிய குழாயே போதும் அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

அலுமினியக் கலவைகள் வலிமையில்தான் வேறுபடுகின்றன. விறைப்பில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 6061-க்கு 69 ஜிகாபாஸ்கல், 7075-க்கு 72, 2024-க்கு 73. ஒரு சுமைக்கு எவ்வளவு வளையும் என்பதைக் குழாயின் அளவுதான் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரட் (உடற்பகுதியிலிருந்து இறக்கையைச் சாய்வாகப் பிடித்திருக்கும் தண்டு) வைத்த இறக்கையில் குழாய் கெடுவது பெரும்பாலும் அறுந்து அல்ல, வளைந்து விலகி. ஓர் ஈர்க்குச்சியை இரு முனையிலும் பிடித்து அமுக்கிப் பாருங்கள். நசுங்காது. நடுவில் வில்லாக வளைந்து ஒருபக்கமாகப் போய்விடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் மொத்த எடை 250 கிலோ. ஒரு பக்க இறக்கை 4.5 மீட்டர் நீளம். 4 ஜி, அதாவது எடையைப் போல நான்கு மடங்கு, தாங்க வேண்டும். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 4,900 நியூட்டன்; முன் ஸ்பார் அதில் 70 சதவீதத்தை ஏற்கிறது என்று வைத்துக்கொண்டால், மீட்டருக்கு 763 நியூட்டன். குழாய் 65 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. கனம், 6061-டி6.

முதலில் ஸ்ட்ரட்டை உடற்பகுதியை ஒட்டிய அடிமுனையிலிருந்து 2.7 மீட்டரில் பொருத்துகிறோம். வெளியே 1.8 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரட் இருக்கும் இடத்தில் வளைக்கும் திருப்புத்திறன் 1,236 நியூட்டன் மீட்டர், அதனால் உலோகத்தில் வரும் தகைவு (ஒரு பரப்பளவில் விழும் விசை) 266 மெகாபாஸ்கல். ஈல்ட் 241 தானே, எனவே குழாய் போச்சு. சரி, ஸ்ட்ரட்டை வெளியே தள்ளி 3.1 மீட்டரில் வைப்போம். நீட்சி 1.4 மீட்டர் ஆகிறது. திருப்புத்திறன் நீட்சியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் தகைவு 161-க்கு இறங்கிவிடுகிறது. ஸ்ட்ரட் ஸ்பாரை உடற்பகுதியை நோக்கித் தள்ளுவதால் வரும் அமுக்கத்தைச் சேர்த்தாலும் 185. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 277, அறுபடும் எல்லை 290. பாஸ்!

இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைப்பவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். ஸ்ட்ரட்டின் கீழ்முனை ஸ்பாருக்கு 1.1 மீட்டர் கீழே இருக்கிறது என்று வையுங்கள். அது ஸ்பாரை அமுக்கும் விசை சுமார் 7,000 நியூட்டன், ஒன்றரை மடங்கில் 10,500. 3.1 மீட்டர் நீளமுள்ள இந்தக் குழாய் வெறும் அமுக்கத்திலேயே வளைந்து விலகும் விசை 10,700. அதாவது காற்று அதைக் கொஞ்சமும் வளைக்காவிட்டாலும் அது விளிம்பில் நிற்கிறது. காற்றோ அதே நேரத்தில் அதை வளைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இறக்கை மடியும்.

இங்கே 2024-க்கு மாறினால் 10,700 என்பது சுமார் 11,300 ஆகும், அவ்வளவுதான். அதே 6061-இல் 75 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம் எடுத்தால் 21,600-க்கு மேல் போகிறது. கூடும் எடை மீட்டருக்கு 430 கிராம். இரண்டு முன் ஸ்பார்களுக்கும் சேர்த்து நான்கு கிலோகூட இல்லை.

(இது வழியைக் காட்டுவதற்கான கணக்கு. சுமையைச் சீராகப் பரப்பியிருக்கிறேன், இறக்கையின் சொந்த எடையைக் கழிக்கவில்லை, துளைகளைச் சேர்க்கவில்லை. உங்கள் விமானத்துக்கு முழுக் கணக்கு தனியாக வேண்டும்.)

விட்டம் முக்கியமா, கனம் முக்கியமா?

விட்டம், ஓர் எல்லை வரை. ஏறக்குறைய ஒரே எடையுள்ள மூன்று குழாய்களைப் பாருங்கள். 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம்: மீட்டருக்கு 0.81 கிலோ. 65-க்கு 1.5: அதுவும் 0.81. 80-க்கு 1.2: 0.80. முதலாவதை ஒப்பிட்டால் இரண்டாவது வளைவில் 33 சதவீதம் கூடுதல் வலிமையும் 73 சதவீதம் கூடுதல் விறைப்பும் உடையது. மூன்றாவது விறைப்பில் இரண்டரை மடங்குக்கும் மேல்.

அப்படியானால் மூன்றாவதையே எடுக்கலாமே? அங்கேதான் எல்லை வருகிறது. விட்டத்தைக் கனத்தால் வகுத்தால் முதலாவதற்கு 25, இரண்டாவதற்கு 43, மூன்றாவதற்கு 67. இந்த விகிதம் 50-ஐத் தாண்டியதும் குழாயின் சுவர் ஓரிடத்தில் மட்டும் சுருங்கி மடிவதைத் தனியாகக் கணக்குப் போட்டாக வேண்டும். காலி டின்னை மிதித்தால் எப்படி மடிகிறது, அதே கதைதான். போதாக்குறைக்கு மெல்லிய சுவரில் ஒரு சின்ன நெளிவு விழுந்தாலும் மடிப்பு அங்கிருந்தே தொடங்கும். பட்டறையில் ஸ்பானர் கை தவறி விழாத நாள் உண்டா? நான் 40-ஐ ஒட்டியே இருப்பேன்.

இறக்கையின் தடிமனும் ஒரு வரம்பு. குழாய், ரிப்பின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) உள்ளே மேலும் கீழும் இடம் விட்டு அமர வேண்டும். விட்டத்தைக் கூட்ட வழியில்லாதபோது குழாய்க்குள் ஐ வடிவ உட்செருகலைத் தள்ளி வலுவூட்டுவது உண்டு. கிட்ஃபாக்ஸில் பார்க்கலாம்.

வரைபடத்தில் 2 அங்குலம், 0.065 அங்குலக் கனம் என்று இருக்கிறது. எனக்குக் கிடைப்பது 50 மி.மீ., 1.5 மி.மீ. கிட்டத்தட்ட அதேதானே?

இல்லை. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ., கனம் 1.65 மி.மீ. விட்டத்தில் 0.8-ம் கனத்தில் 0.15-ம் போனதில் வலிமை 11 சதவீதமும் விறைப்பு சுமார் 13 சதவீதமும் குறைந்துவிடுகின்றன. வடிவமைத்தவர் வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியிலிருந்து நீங்கள் எடுத்துவிட்ட பங்கு அது. மாற்றியே ஆக வேண்டுமானால் மேல்நோக்கி மாற்றுங்கள், அதையும் வடிவமைத்தவரிடம் கேட்டுவிட்டு. விட்டம் மாறினால் ரிப் துளை, பொருத்துதகடு, உள் ஸ்லீவ் (வலுவூட்ட உள்ளே செருகும் குழாய்) எல்லாம் மாறும்.

அங்குல அளவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 0.058 அங்குலக் கனமுள்ள குழாய்கள் எட்டிலொரு அங்குலப் படிகளில் ஒன்றுக்குள் ஒன்று அழகாக நுழையும். இடைவெளி 0.009 அங்குலம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்லீவ் வைத்துக் கட்டும் வடிவமைப்புகள் பல இந்த அளவைச் சுற்றியே அமைந்தவை. மெட்ரிக் குழாயில் இந்தப் பொருத்தம் தானாக வராது.

"விமானத் தரம்" என்று சொல்லித் தந்தால் நம்பலாமா?

அந்தச் சொல்லுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. பார்க்க வேண்டியவை மூன்று: கலவை எண், டெம்பர் (டி6 போன்ற பத நிலை), தரநிலை எண். மூன்றும் குழாயின் நீளவாட்டில் அச்சாகியிருக்க வேண்டும். கூடவே ஆலைச் சான்றிதழும், அதிலுள்ள வார்ப்பு எண்ணும். 6061 என்று மட்டும் சொல்வது பாதிப் பெயர். டி6 நிலையில் வழக்கமாக 276 மெகாபாஸ்கல் ஈல்ட் காட்டும் உலோகம் (முன்பு சொன்ன 241 தரநிலையின் குறைந்தபட்சம்), பதப்படுத்தாத ஓ நிலையில் சுமார் 55 தான் காட்டும்.

செய்முறையும் முக்கியம். தையலின்றி இழுத்துச் செய்த குழாய்க்கு ஏ.எஸ்.டி.எம். பி210 தரநிலை, விமான வரைபடங்களில் டபிள்யூடபிள்யூ-டி-700 என்றும் இருக்கும். இவற்றில் சுவர் கனம் சீராக இருக்கும். பி221-இல் வருவது அச்சு வழியாகப் பிதுக்கிய குழாய். அதைத் தையல் இல்லாததாகத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் தரநிலையில் இல்லை. உலோகம் அச்சுக்குள் பிரிந்து மறுபடி ஒட்டிய கோடுகள் நீளவாட்டில் ஓடக்கூடும். வரைபடம் பிதுக்கிய குழாயைக் கேட்டிருந்தால் சரி. இழுத்த குழாயைக் கேட்டிருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும்.

குழாய் வந்ததும் எப்படிச் சோதிப்பது?

முதலில் ஒரு முனையில் வெளிச்சத்தை வைத்து மறுமுனை வழியாக உள்ளே பாருங்கள். நான் முதன்முதலாக வாங்கிய குழாயில் வெளிப்பரப்பு கண்ணாடிபோல இருந்தது. உள்ளே டார்ச் அடித்தபோது, முனையிலிருந்து முழங்கை ஆழத்தில் நீளவாட்டில் முடிபோல ஒரு கோடு தெரிந்தது. விரலை விட்டுத் தடவினேன். நகம் தட்டியது. அதை ஸ்பாருக்கு எடுக்கவில்லை. வெட்டித் துளையிட்டுப் பழகும் துண்டுகளாக்கினேன்.

அடுத்து, சமமான நீள மேசைமேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்திப் போகும், மேசைக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் வந்து வந்து மறையும். இரு முனைகளிலும் எட்டு இடங்களில் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருந்தால் கணக்கில் மெலிந்த எண்ணைத்தான் போட வேண்டும். அப்புறம் விரல் நுனிகளால் முழு நீளத்தையும் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் நெளிவு விரலுக்குத் தப்பாது.

டெம்பரில் சந்தேகம் இருந்தால், வெட்டிய துண்டில் கடினத்தன்மை பாருங்கள். 6061-டி6 பிரினெல் அளவில் 95-ஐ ஒட்டி வரும், 6063-டி5 சுமார் 60. இது பொய்யைக் கண்டுபிடிக்க உதவும். சான்றிதழுக்கு மாற்றாகாது.

துளைகளை எங்கே போடலாம்?

முடிந்தவரை பக்கவாட்டில், குழாயின் நடு உயரத்தில். வளையும்போது அந்தக் கோட்டில் இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. மேலேயோ கீழேயோ துளை போட்டால், அதன் விளிம்பில் தகைவு சுற்றியிருப்பதைப் போல மூன்று மடங்கு வரை ஏறும். சோர்வு விரிசல் பிறப்பது அங்கேதான். ரிப்பைப் பிடிக்க ஒரு சின்ன ரிவெட் தானே என்று மேற்புறத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. ரிவெட் சின்னதுதான், ஆனால் துளை துளைதானே.

குறுக்கே போல்ட் போகும் இடங்களில் உள்ளே புஷ் (போல்ட்டைச் சுற்றி நிற்கும் சிறு உலோக உறை) வேண்டும். இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது குழாய் முட்டை வடிவமாகிவிடும், முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானர் "சரி" என்று சொன்ன பிறகும். துளையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டு, ரீமரால் (துளையைச் சீவிச் சரியான அளவாக்கும் கருவி) அளவுக்குக் கொண்டுவந்து, விளிம்பின் பிசிறை நீக்குங்கள். குழாயின் முனையிலிருந்து துளையின் மையம் குறைந்தது போல்ட் விட்டத்தின் இரு மடங்கு தள்ளி இருக்கட்டும்.

குறியிட ஊசியும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். ஊசி கீறும், பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். ஃபெல்ட் பேனா போதும்.

ஸ்லீவ் வைத்தால் எங்கே முடிப்பது?

ஸ்லீவ் திடீரென நிற்கும் இடத்தில் விறைப்பு திடீரென மாறும், வளைவெல்லாம் அங்கே வந்து குவியும். எனவே முனையை நேராக வெட்டாமல் மீன்வாய்போலவோ சாய்வாகவோ வெட்டி, விறைப்பு படிப்படியாகக் குறையும்படி விடுவார்கள். ஸ்ட்ரட் இணைப்புக்கு இரு பக்கமும் ஸ்லீவ் எவ்வளவு நீள வேண்டும் என்பதை, திருப்புத்திறன் எங்கே வெறும் குழாய் தாங்கும் அளவுக்கு இறங்குகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கண்மதிப்பு போதாது. நுழைக்கும் முன் இரண்டு பரப்புகளுக்கும் பிரைமர் அடியுங்கள். நுழைத்த பிறகு அங்கே எதுவும் அடிக்க முடியாது.

இரண்டு துண்டுகளை வெல்டிங் செய்து நீளமாக்கலாமா?

கூடாது. வெல்டிங் சூட்டில் டி6 பதம் கலைந்து, பக்கத்து உலோகம் ஏறக்குறைய பாதி வலிமையை இழக்கும். குழாயைச் சூடாக்கி வளைப்பதும் அப்படித்தான்.

துருவைத் தடுக்க என்ன செய்வது?

வெளிப்புறத்தைக் கழுவி, குரோமேட் மாற்றுப் பூச்சோ அதற்கு இணையானதோ கொடுத்து, மேலே எபாக்சி பிரைமர். உட்புறத்துக்கும் அதே. கையெட்டாத நீளக் குழாயில் பிரைமரை ஊற்றி, உருட்டி, வடித்துவிடலாம். எஃகுப் பொருத்துதகடு அலுமினியத்தை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் பூச்சு வேண்டும், போல்ட்டுகள் காட்மியம் பூசியவையாக இருக்க வேண்டும். கார்பன் இழை எஃகைவிட மோசம், அலுமினியத்தைத் தின்றுவிடும். கீழ்முனையில் நீர் வடிய வழி விடுங்கள். தடித்த பவுடர் பூச்சை ஸ்பாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், அடியில் விரிசல் வந்தால் அது மறைத்துவிடும்.

பின் ஸ்பாருக்குச் சின்னக் குழாய் போதுமா?

பல வடிவமைப்புகளில் சின்னதுதான் இருக்கும். ஆனால் முன் ஸ்பார் 70 சதவீதம் தாங்குகிறது என்பதால் பின் ஸ்பாருக்கு எப்போதும் 30 தான் என்று எண்ண வேண்டாம். மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது சுமை முன்னால் போகும். வேகமாகப் பறக்கும்போது பின்னால் நகரும். ஏய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) போடும் சுமையும் பின் ஸ்பாரில்தான் விழுகிறது. இரண்டு நிலைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஸ்பாருக்கும் அதன் மோசமான எண்ணை எடுங்கள்.

கணக்கெல்லாம் சரியாக வந்துவிட்டது. இனி பறக்கலாமா?

மணல் மூட்டைகளுக்குப் பிறகு. இறக்கையைத் தலைகீழாக அதன் உண்மையான பொருத்துமுனைகளிலும் ஸ்ட்ரட்டிலும் கட்டி, எடை போட்ட மூட்டைகளைப் பறக்கும்போது சுமை பரவும் விதத்தில் அடுக்குங்கள். நம் எடுத்துக்காட்டு விமானத்துக்கு 4 ஜி என்றால் ஒரு பக்கத்துக்கு 500 கிலோ. தலைகீழாக இருப்பதால் இறக்கையின் சொந்த எடையையும் அந்த 500-க்குள்ளேயே எண்ணிக்கொள்ளுங்கள். கால், அரை, முக்கால் என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நுனி எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலில் குறியுங்கள். சுமை சீராக ஏற, இறக்கமும் சீராகக் கூட வேண்டும். அதே சுமைக்கு இறக்கம் திடீரென்று அதிகமானால் உடனே நிறுத்துங்கள், குழாய் வளைந்து விலகத் தொடங்கியிருக்கிறது. இறக்கைக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. முட்டுக் கட்டைகளை நுனிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள், ஒருவேளை உடைந்தாலும் தரை வரை போகாது.

மூட்டைகளை இறக்கிய பிறகு நுனி தொடங்கிய குறிக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஏதோ ஓரிடத்தில் உலோகம் ஈல்ட் ஆகிவிட்டது, அல்லது போல்ட் துளை நீண்டுவிட்டது. பிரித்துப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். ஒன்றரை மடங்குச் சுமையை மூன்று வினாடி தாங்குகிறதா என்ற சோதனை, அதற்கென்றே கட்டிய இறக்கையில் நடக்கட்டும். அப்படிச் சோதித்த இறக்கையைப் பறக்கும் விமானத்தில் மாட்டாதீர்கள்.